செக்கச்செவேல் – செம்மை என்னும் சொல் பற்றிச் சில செய்திகள்



நம் ஆலயத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடைபெறும் சமய வகுப்பில் சென்ற ஆண்டு நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணம். பூசைக்குப் பூக்கொய்து வரப் பிள்ளைகளை அனுப்பியிருந்தேன். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இரண்டு கைகளும் நிறையச் செம்பருத்திப் பூக்களைக் கொண்டுவந்து நீட்டி, "சார், பாருங்க, ரொம்ப ரொம்ப மேராவா இருக்கு!" என்றாள். அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் கண்டு நானும் மகிழ்ந்தேன். ஆனாலும் முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் சுண்ணக்கட்டி பிடித்த கை சும்மா இருக்குமா? "அதைத் தமிழில் எப்படியம்மா சொல்வாய்?" என்று கேட்டேன். "ரொம்ப சிவப்பு" என்றாள். அதற்குமேல் சொல்ல அவளிடம் சொல் இல்லை. அங்கிருந்த பதினான்கு பிள்ளைகளையும் கேட்டேன். ஒருவருக்கும் 'செக்கச்செவேல்' என்ற சொல் தெரிந்திருக்கவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. வீட்டில் காதில் விழாத சொல் நாவில் எப்படி வரும்? அந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் சிலர் என்னிடமே படித்தவர்கள். ஆகவே குறையில் எனக்கும் பங்குண்டு. அந்தக் கடனைத் தீர்க்கும் முயற்சியாகவே செக்கச்செவேல் என்ற இந்த ஒரு சொல்லையும், அதற்குத் தாயாகிய செம்மை என்ற சொல்லையும் பற்றி எனக்குத் தெரிந்தவற்றை இம்மலரில் எழுத முற்படுகிறேன்.

நிறத்தை நிறைத்துச் சொல்லும் சொற்கள்

சிவப்பு என்றால் ஒரு நிறம். செக்கச்செவேல் என்றால் அந்த நிறம் ஒரு பொருள் முழுவதும் நிறைந்து, வேறு நிறத்துக்கு இடமே இல்லாமல் நிற்பது. மாலையில் மேற்கு வானத்தின் ஓரத்தில் ஒரு கீற்றுத் தெரிந்தால் வானம் சிவந்திருக்கிறது என்போம். வானம் முழுவதும் அந்த நிறமே பரவி நின்றால்தான் செக்கச்செவேல் என்று சொல்ல வாய் வரும்.

இச்சொல்லின் அமைப்பைக் கவனியுங்கள். செவ் என்ற அடியோடு ஏல் என்ற ஈறு சேர்ந்து செவேல் ஆகிறது. அதன்முன் அதே அடி இன்னொரு முறை 'செக்க' என்று வந்து அழுத்தம் கொடுக்கிறது. பச்சைப்பசேல், வெள்ளைவெளேர், கன்னங்கரேல் ஆகியவையும் இதே அச்சில் வார்த்தவை. பேச்சில் சிலர் மஞ்சமஞ்சேர் என்றும் சொல்வதுண்டு. ஆனால் நீலத்தையும் ஊதாவையும் இந்த அச்சில் ஊற்றிப் பாருங்கள், வராது. "நல்ல நீலம்", "அழுத்தமான ஊதா" என்று அடைமொழி கொடுத்துத்தான் சொல்ல வேண்டும். கருமை, வெண்மை, செம்மை, பசுமை ஆகியவை தமிழின் ஆதி நிறச் சொற்கள். நெடுங்காலம் புழங்கியதால் அவற்றுக்கு மட்டும் இப்படி ஓர் உரிமை வாய்த்திருக்கிறது.

இதைப் 'பளிச்' என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பளிச்சென்பது ஒளியைக் குறிப்பது. எந்த நிறமும் பளிச்சென்று இருக்கலாம். 2018ஆம் ஆண்டில் பத்துமலையின் 272 படிகளுக்கும் பல வண்ணம் பூசப்பட்டபோது, "படிகள் பளிச்சென்று இருக்கின்றன" என்று சொன்னவர்கள் சரியாகவே சொன்னார்கள். செக்கச்செவேல் அப்படிப்பட்டதன்று. அது ஒளியைச் சொல்லவில்லை, நிறைவைச் சொல்கிறது.

நாம் நாள்தோறும் பேசும் மலாய் மொழியிலும் இத்தகைய அழகு உண்டு. சிவப்பு கொழுந்துவிட்டு எரிவதுபோல் இருந்தால் 'மேரா மெஞாலா' என்பார்கள். கன்னங்கரேல் என்பதற்கு 'ஹீத்தாம் லெகாம்', வெள்ளைவெளேர் என்பதற்கு 'பூத்தே மெலெப்பாக்'. நம் பிள்ளைகள் பள்ளியில் இவற்றைப் படித்துத் தேர்விலும் எழுதுகிறார்கள். மலாயில் இதைச் செய்யத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழில் செய்யத் தெரியாமல் போவதற்கு அறிவுக் குறைவு காரணமன்று. பழக்கக் குறைவுதான் காரணம்.

ஒரு வேர், பல கிளைகள்

செம்மை என்னும் பண்புப்பெயர் வேறு சொல்லோடு சேரும்போது 'மை' கெடும். வரும் எழுத்துக்குத் தக்கபடி எஞ்சிய பகுதி உருமாறும். இலக்கணத்தில் இதைப் பண்புப்பெயர்ப் புணர்ச்சி என்று படித்திருப்பீர்கள். படித்தது மறந்திருந்தாலும் நம் வீட்டுப் பொருள்களே அதை நினைவூட்டும். ககரத்தின் முன் செங்கல். சகரத்தின் முன் செஞ்சந்தனம். தகரத்தின் முன் செந்தாமரை. பகரத்தின் முன் செம்பருத்தி. மகரத்தின் முன் செம்மண். வகரத்தின் முன் செவ்வாழை, செவ்வானம். உயிரெழுத்து வந்தால் செவ்விளநீர். சில இடங்களில் முதலெழுத்தே நீண்டுவிடும். இறைவனின் திருவடியைச் சேவடி என்கிறோமே, அது செம்மை, அடி என்ற இரண்டும் சேர்ந்தது. சிவந்த அடி என்று பொருள்.

செம்பு என்ற உலோகப் பெயரும் நிறத்தால் வந்ததே. செவ்வாய் என்ற கோளும் அப்படியே. செவ்வாய்க் கோளின் தரையில் இரும்புத் துரு கலந்த தூசி நிறைந்திருப்பதால் அது சிவந்து தெரிகிறது என்று இன்றைய அறிவியல் கூறுகிறது. விண்கலமோ தொலைநோக்கியோ இல்லாத காலத்தில் வெறுங்கண்ணால் பார்த்தே நம் முன்னோர் அதற்கு நிறத்தின் பெயரை வைத்தார்கள்.

கன்னடத்தில் சிவப்பைக் கெம்பு என்பார்கள். தமிழில் சகரமாக ஒலிப்பது கன்னடத்தில் ககரமாக நிற்பது இயல்பு. நம் செவி அவர்களுக்குக் கிவி. ஆகவே இவ்வேர்ச்சொல் தமிழும் கன்னடமும் ஒரே குடும்பமாக இருந்த காலத்துப் பழைய சொத்து.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 'செ' என்று தொடங்கும் சொல்லெல்லாம் சிவப்பாகிவிடாது. செவி, செலவு, செடி ஆகியவற்றுக்கும் செம்மைக்கும் உறவில்லை. கோலாலம்பூரில் இருக்கும் செந்தூல் என்ற ஊர்ப்பெயரைக் கேட்டதும் 'செந்தூள்' என்பதே அப்படித் திரிந்தது என்று என் மாணவன் ஒருவன் கட்டுரையே எழுதிவிட்டான். இரயில்வே பட்டறையும் தமிழர் குடியிருப்பும் நிறைந்த ஊராதலால் அவனுக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. உண்மையில் அது செந்தூல் என்ற பழமரத்தின் மலாய்ப் பெயர். ஆசை வேறு, ஆராய்ச்சி வேறு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் நம் கடமை.

நிறத்திலிருந்து நேர்மைக்கு

செம்மைக்கு இன்னொரு முகம் உண்டு. "வேலையைச் செவ்வனே முடித்தார்" என்கிறோம். "கணக்கைச் செம்மையாக வைத்திருக்கிறார்" என்கிறோம். இங்கே சிவப்புக்கு வேலையே இல்லை. நேர்மை, ஒழுங்கு, சிறப்பு, தூய்மை என்ற பொருளில் செம்மை வருகிறது.

திருக்குறளில் 55ஆம் அதிகாரம் செங்கோன்மை. அடுத்த 56ஆம் அதிகாரம் கொடுங்கோன்மை. செங்கோல் என்பது சிவந்த கோல் அன்று, வளையாத நேரான கோல். அதற்கு எதிராக நிற்பது கொடுங்கோல், வளைந்த கோல். கொடுமை என்ற சொல்லுக்கே வளைவு என்பது பழைய பொருள். 1947இல் திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் நேருவிடம் அளிக்கப்பட்ட செங்கோல் 2023ஆம் ஆண்டு மே மாதம் டில்லியின் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் நிறுவப்பட்டது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள். அது பொன்னிறமாக இருந்ததே தவிரச் சிவப்பாக இல்லை. பெயர் நிறத்தால் வரவில்லை, நேர்மையால் வந்தது.

செந்தமிழ், செம்மொழி ஆகியவையும் அப்படியே. 2004ஆம் ஆண்டில் இந்திய அரசு தமிழைச் செம்மொழி என்று அறிவித்தது. செம்மையான மொழி என்று பொருள். செஞ்சோற்றுக் கடன் என்பதில் வரும் செஞ்சோறு சிவப்பரிசிச் சோறு என்பதற்காகச் சொல்லப்படவில்லை. மதித்து இட்ட நல்ல சோறு என்பதற்காகச் சொல்லப்படுகிறது. செம்பொன் என்பதில் இரு பொருளும் ஒன்றாக நிற்கின்றன. மாற்றுக் குறையாத பொன்னில் ஒரு செந்நிறச் சாயல் இருக்கும், தூய்மையும் இருக்கும்.

பழுத்த கனி சிவக்கிறது. நன்றாகச் சுட்ட கல் சிவக்கிறது. வேகாத செங்கல்லை விரலால் தட்டிப் பார்த்தாலே பொதபொதவென்று கேட்கும், நிறமும் வெளுத்திருக்கும். இப்படி ஒரு பொருள் தன் பக்குவத்தை எட்டியதை நிறமே காட்டுவதால், நிறத்தின் சொல்லே பக்குவத்துக்கும் சொல்லாக நிற்பது பொருத்தமாகவே படுகிறது.

வழிபாட்டில் செம்மை

தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்துத் தெய்வத்தைச் சேயோன் என்றும், முல்லை நிலத்துத் தெய்வத்தை மாயோன் என்றும் குறிப்பிடுகிறது. சேயோன் சிவந்தவன், மாயோன் கரியவன். முருகனுக்குச் செவ்வேள் என்ற பெயரும் உண்டு.

நம் வீடுகளில் "பிள்ளை செக்கச்செவேல் என்று பிறந்திருக்கிறது" என்று பெருமை பேசுவதையும், கறுத்த பிள்ளையைக் கண்டு முகம் சுளிப்பதையும் நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சேயோனையும் மாயோனையும் இரு கண்களாகப் போற்றிய மக்கள் நாம். மேனி நிறத்தை வைத்துப் பெண் பார்ப்பவர்கள், அடுத்த முறை பெருமாள் சந்நிதியில் நிற்கும்போது இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்து, குங்குமம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கும் தாய்மார்கள் அனைவருக்கும் தெரியும். இதை வகுப்பில் செய்து காட்டினேன். ஒரு கிண்ணம் தண்ணீரில் மஞ்சள்தூள் கரைத்து, ஒரு சிட்டிகை வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலக்கியதும் கிண்ணம் முழுவதும் சிவந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். மறுபடியும் மஞ்சளானது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் காரத்தில் சிவக்கும், புளிப்பில் மஞ்சளாக நிற்கும். மரபாகச் செய்யும் குங்குமத்துக்கும் மஞ்சளே அடிப்படை.

செந்தூரம் அப்படியன்று. பிள்ளையாருக்கும் ஆஞ்சநேயருக்கும் சாத்தும் ஆரஞ்சு கலந்த சிவப்புப் பொடியைச் செந்தூரம் என்றும் சிந்தூரம் என்றும் சொல்கிறோம். பழைய முறையில் அது ஈயத்தை எரித்துப் பெறும் சிவப்புப் பொடியாகவோ, பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கமாகவோ இருந்தது. ஈயம் உடலில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பது மருத்துவ உலகம் உறுதி செய்த செய்தி. கடைகளில் விற்கும் சில வகைச் சிந்தூரப் பொடிகளில் ஈயம் இருப்பதாக அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. ஆகவே செந்தூரம் வேறு, குங்குமம் வேறு என்பதை அறிந்து வாங்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் நிறத்தைக் கண்டு மயங்காமல், மஞ்சளில் செய்த குங்குமமா என்று கேட்டு வாங்குங்கள். கைக்குழந்தையின் நெற்றியில் இடும்போது இன்னும் கவனம் தேவை. விரல் நெற்றியிலிருந்து வாய்க்குப் போக நெடுநேரம் ஆகாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் ஆலயத்துக்கு மலிவாகக் கிடைத்தது என்று ஒரு மூட்டைப் பொடி வாங்கி, அதை இட்டுக்கொண்ட மூதாட்டி ஒருவருக்கு நெற்றி புண்ணாகிப்போனது. வாங்கிய குழுவில் நானும் இருந்தேன். அன்றிலிருந்து விலையைப் பார்த்து மட்டும் வாங்குவதில்லை என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது.

செம்பனையும் சிவப்பு அட்டையும்

இந்த நாட்டுத் தமிழர்களாகிய நாமும் செம்மைக் குடும்பத்துக்குச் சில உறுப்பினர்களைச் சேர்த்திருக்கிறோம். அவற்றுள் தலையாயது செம்பனை. தமிழ்நாட்டில் எண்ணெய்ப்பனை என்பார்கள். நமக்கு அது செம்பனை. 1917ஆம் ஆண்டில் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டில் முதன்முதலாக அதை வாணிக நோக்கில் பயிரிட்டார். முற்றிய பழம் ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருக்கும். ஆலையில் பிழிந்த பச்சை எண்ணெயும் அதே நிறம்தான். கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டின் வகைச் சத்தே இதற்கும் நிறம் தருகிறது. கடையில் நாம் வாங்கும் எண்ணெய் சுத்திகரிப்பில் அந்த நிறத்தை இழந்தது.

1960களில் இரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நடத் தொடங்கியபோது என் தாயார் பால்வெட்டை விட்டுப் பழத்துக்கு வந்தார். குலை வெட்டிய இடத்தில் சிதறிக் கிடக்கும் உதிரிப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் சேர்ப்பது அவர் வேலை. பள்ளி விடுமுறையில் நானும் போவேன். "செக்கச்செவேல்னு இருந்தாத்தான்டா அது பழம். கருப்பா இருக்குறத தொடாத, அது இன்னும் காயி" என்பார். நான் அந்தச் சொல்லை முதன்முதலில் கேட்டது பாடநூலில் அன்று, செம்பனைக் காட்டில்தான். வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு அவர் அதைச் சொல்லும்போது, அந்தச் சொல்லே சிவந்து வருவதுபோல் எனக்குத் தோன்றும்.

அவர் வாழ்க்கையில் இன்னொரு சிவப்பும் இருந்தது. அது அடையாள அட்டை. இந்நாட்டில் குடிமக்களுக்கு நீல அட்டை, நிரந்தர வசிப்பிடத் தகுதி மட்டும் பெற்றவர்களுக்குச் சிவப்பு அட்டை. 1957இல் நாடு விடுதலை பெற்றபோது வெளிநாட்டில் பிறந்தவர்கள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வேண்டியிருந்தது. கைக்குழந்தையாகக் கப்பலில் வந்த என் தாயார் விண்ணப்பிக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்தைவிட்டு வெளியே போக ஒரு நாள் சம்பளம் போகும். "பிறகு பார்க்கலாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். 1968ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் பெற வேண்டும் என்றது அச்சட்டம். 1969க்குப் பிறகு அது நடைமுறைக்கு வந்தபோது பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறின. எங்கள் லயத்திலேயே நான்கு வீடுகள் காலியாயின. அந்த வீட்டுப் பிள்ளைகளோடு நான் கோலி ஆடியவன். என் தாயார் எப்படியோ தங்கினார். 1996இல் கண்ணை மூடும்வரை அவர் கையில் இருந்தது சிவப்பு அட்டைதான்.

நான் ஆசிரியரான பிறகாவது அவருக்காக விண்ணப்பித்திருக்கலாம். ஊராருக்கெல்லாம் பாரம் நிரப்பிக் கொடுத்த நான், வீட்டில் இருந்த தாய்க்கு நிரப்பிக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. "சிவப்பு ஐசி" என்று பிறர் ஒரு மாதிரியாகச் சொல்லும்போது அவர் தலை குனிந்ததை மட்டும் பார்த்திருக்கிறேன். அறுபதைத் தாண்டிய பிறகு அது என் மனத்தை உறுத்துகிறது. நம் வட்டாரத்தில் இன்னும் சிவப்பு அட்டையோடு இருக்கும் முதியவர்கள் உண்டு. அவர்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பத்திரங்களைத் தேடி எடுங்கள். நம் ஆலய அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் பாரம் நிரப்ப நான் உதவுகிறேன்.

சினத்தின் சிவப்பு

தொல்காப்பியத்தின் உரியியலில் வியப்பான ஒரு செய்தி இருக்கிறது. கறுப்பு, சிவப்பு என்ற இரு சொற்களும் சினத்தைக் குறிக்கும் என்று முதலில் சொல்கிறது. அதற்கு அடுத்துத்தான் அவை நிறத்தையும் உணர்த்தும் என்று சொல்கிறது. இன்றும் "கண் சிவந்துவிட்டது", "முகம் சிவந்துவிட்டது" என்றால் என்ன நிறம் என்று யாரும் கேட்பதில்லை. என்ன கோபம் என்றே கேட்கிறோம்.

கம்போங் மேடான் வாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2001ஆம் ஆண்டு மார்ச் மாதம் நம் கம்போங் மேடானிலும் சுற்றியிருந்த குடியிருப்புகளிலும் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். அக்கம்பக்கத்தில் எழுந்த சிறு பூசல், வதந்தியாகப் பரவி, கத்தியாகவும் கட்டையாகவும் மாறியது. 6 பேர் உயிரிழந்தார்கள். பலர் காயமுற்றார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வேலையிழந்து, பிழைப்பைத் தேடிப் பழைய கிள்ளான் சாலையோரத்துப் புறம்போக்கு வீடுகளுக்கு வந்தவர்கள் பலர் அந்த நாள்களில் கதவைத் தாழிட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

அந்த இரவுகளில் ஒன்றில் என் மாணவர்களில் நால்வர், மீசை முளைத்த இளைஞர்கள், என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கண்கள் செக்கச்செவேல் என்று இருந்தன. "நீங்க ஒன்னும் சொல்லாதீங்க சார்" என்றார்கள். நான் உண்மையிலேயே ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் பயம். என் மனைவிதான், "சாப்பிட்டீங்களா தம்பி? முதல்ல உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துச் சோறு போட்டார். விடியும்வரை அவர்களை வெளியே விடவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவரும் தம் வீட்டுப் பையன்களை அவ்வாறே உள்ளே வைத்திருந்தார் என்று மறுநாள் தெரிந்தது. அந்த நால்வரில் ஒருவர் இன்று நம் ஆலய அன்னதானக் குழுவில் தொண்டு செய்கிறார்.

ஒரே வேரில் பிறந்த சொல் சினத்தையும் சொல்கிறது, நேர்மையையும் சொல்கிறது. சினத்தில் சிவப்பது கண். நேர்மையால் செம்மையாவது கோல். எதைப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. என் மனைவி அன்று செய்ததைத்தான் நான் செம்மை என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்த இலக்கணம் எதுவும் அன்று எனக்குக் கைகொடுக்கவில்லை.

நிறைவாக

இவ்வளவையும் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. வாரம் ஒரு சொல் என்று வைத்துக்கொண்டோம். செக்கச்செவேலுக்குப் பிறகு பச்சைப்பசேல், பிறகு வெள்ளைவெளேர். கன்னங்கரேல் வந்த வாரம், கறுத்த சிறுவன் ஒருவனைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். அன்று மாயோனைப் பற்றிப் பேசினேன். அடுத்த வாரம் அவனே வந்து, "சார், பெருமாளும் நானும் கன்னங்கரேல்" என்றான். சிரித்தவர்கள் இப்போது அவனோடு சேர்ந்து சிரித்தார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். சொற்களைப் பாதுகாக்கப் பெரிய மாநாடு வேண்டியதில்லை. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கடைத்தெருவில் நடக்கும்போது, "அந்தத் தக்காளி எப்படிச் செக்கச்செவேல்னு இருக்கு பார்" என்று ஒரு முறை சொல்லுங்கள். மழை பெய்து ஓய்ந்த திடலைக் காட்டிப் பச்சைப்பசேல் என்று சொல்லுங்கள். பிள்ளை கேட்டுக்கொள்ளும். நாற்பது ஆண்டு கழித்து அதன் வாயில் வரும். என் தாயார் எனக்கு விட்டுப்போனது ஒரு தாலிக்கொடியும் இந்தச் சொல்லும் மட்டுமே. கொடியை அவசரத்துக்கு விற்றுவிட்டேன். சொல் என்னிடம் இருக்கிறது.

பூக்கொய்து வந்த அந்தச் சிறுமி இப்போதும் ஞாயிறுதோறும் வருகிறாள். சென்ற வாரம் அம்மன் சந்நிதியில் கற்பூர ஆரத்தி காட்டும்போது, என் சட்டையைப் பிடித்து இழுத்து, மெதுவாகச் சொன்னாள்: "சார், அம்மனோட சேலை செக்கச்செவேல்னு இருக்கு."

நம் பிள்ளைகளின் சொல்லும் செயலும் செம்மையாக அமைய எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக. வாழ்க செந்தமிழ்.